பீரங்கி அங்கிள் போனை வைக்கவில்லை

ஆவடியில் அந்த டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் யாருக்காவது லோன் வேண்டுமா என்று போன் வந்தால், அவர்கள் பேசவும் மாட்டார்கள், வைக்கவும் மாட்டார்கள். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று பதமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போனைக் கையில் ஏந்தியபடி ஞானசேகரன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதி தலை சீவி பாதி சீவாமல் வந்தவர்கள் உண்டு. அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்களும் உண்டு. தோசை தீய்ந்தால் இன்னொன்று ஊற்றிக்கொள்ளலாம், இந்த வேடிக்கை வேறெங்கே கிடைக்கும்?

ஞானசேகரன் சென்னைப் பக்கம் பாடியில் பிறந்து வளர்ந்தவர். தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வளைக்கிற இடம் அது. அந்தச் சத்தத்தில், பக்கத்தில் நிற்கிறவனிடம் டீக்கு வருகிறாயா என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் சத்தம் இறங்கிவிடும். இவருக்கு மட்டும் இறங்கவில்லை. இவர் சாப்பாட்டில் உப்பு கேட்டால் எதிர் பிளாக்கில் யாராவது உப்பு டப்பாவைத் தேடுவார்கள்.

மனிதர் தங்கம், அதில் சந்தேகமே வேண்டாம். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் முதலில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான். மழைக்குக் கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்தால் பீரோவை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றுவார். "அவருக்கு மனசுல ஒண்ணும் கெடையாது, வாய்தான்" என்று அவர் மனைவி ராஜகுமாரி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அந்த வாய் எந்த நேரத்தில் என்ன செய்யுமோ என்பதுதான் அவளுடைய முழுநேரக் கவலை.

இந்தப் போன் விவகாரம் ஆரம்பித்தது நைட் ஷிப்டில். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து, மனிதன் காலையில் கண்ணை மூடினால் போதும், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒருத்தி. புரண்டு படுத்தால் இன்சூரன்ஸ். அடுத்தது தண்ணி பில்டர். அதற்கப்புறம் இந்தியில் ஒருவன். "நை மாங்தா, நை மாங்தா" என்று தனக்குத் தெரிந்த இந்தி மொத்தத்தையும் செலவழித்துப் பார்த்தார். தொந்தரவு செய்யாதீர்கள் என்று போன் கம்பெனியில் பதிவு பண்ணினார். பதிவு பண்ணியதற்கு நன்றி சொல்லி, கூடவே ஒரு புது பிளானும் இருக்கிறது என்று போன் வந்தது. சும்மா இருப்பாரா? அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பிரசங்கம் செய்தார் பாருங்கள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

அந்தப் பிரசங்கம் அவருக்கே பிடித்துப் போய்விட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டார். முதலில் தேனாக ஆரம்பிப்பார். "ம்ம்... சொல்லும்மா... ம்ம்... சொல்லு." எதிரில் இருக்கும் பெண், ஆள் கிடைத்துவிட்டான் என்று சந்தோஷமாக மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் எடுப்பார்.

"யம்மா, நீ சொன்னத நான் கேட்டுகினேன். இப்ப நான் சொல்றத நீ கேளு. நான் உன்னாண்ட வந்து கேட்டனா? நான் பாட்டுக்கு என் ஊட்ல குந்திகினு கீறேன். உனக்கு இன்னா பேஜாரு? உன்ன பெத்தவங்க இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சாங்களா? வையி போன!"

வையி என்று சொல்வாரே தவிர, அவள் வைக்கும்வரை காத்திருக்க மாட்டார். இவரே டக்கென்று கட் பண்ணிவிட்டு, சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். கைதட்டல் கிளம்பும். பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் விசில்கூட அடிப்பார். ரசாக்கும் அதே தொழிற்சாலைதான். தனக்கு வரும் லோன் கால் ஒன்றைக்கூட வீணாக்காமல், ஸ்பீக்கரில் போட்டு, கொண்டுவந்து சேர்த்துவிடுவார். "அண்ணாத்தே, ஒரு கிராக்கி மாட்டிகினு கீது. கொஞ்சம் கவனி." இப்படியே பரவி, கடைசியில் குவார்ட்டர்ஸுக்கே அவர் பொதுச் சொத்து ஆகிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் லாவண்யாவுக்கு இதெல்லாம் வெட்கக்கேடு. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே நிர்மல் என்று ஒரு பையன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு. ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போன பழக்கம், பேச்சாகி, பேச்சு கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. ஞானசேகரன் குதிப்பார் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர் குதிக்கவில்லை. "பையன் நல்லவனா கீறானா? உனக்குப் புடிச்சிகீதா? அப்புறம் இன்னா?" என்றார். அந்த 'இன்னா' மட்டும் தெருமுனை வரை கேட்டது.

சிக்கல் பையன் வீட்டில். நிர்மலின் அம்மா ஹேமாவதி. கணவர் காலமான பிறகு, பாடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மரியாதையா பேசற குடும்பமா இருக்கணும். கேன்டீன்ல நின்னு அத்தனை பேர் வாயில விழுந்து எழுந்துட்டேன். சம்பந்தி வீட்லயும் அத கேக்க என்னால ஆகாது." நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அம்மா வேண்டாம் என்றால் தன்னால் மீற முடியாது என்று நிர்மல் முதலிலேயே சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள் என்றால், வெள்ளிக்கிழமையே ராஜகுமாரி கணவனை உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாருங்க. அன்னிக்கு ஒரு நாள் நீங்க வாயையே தொறக்கக் கூடாது. தொண்ட கட்டிக்கிச்சுன்னு நான் சொல்லிடறேன். தலைய ஆட்டுங்க, சிரிங்க. போதும்."

"நான் இன்னா பொம்மையா?"

"உங்க பொண்ணு வாழ்க்க."

லாவண்யாவுக்காக அவர் நாக்கையே அறுத்துக் கொடுப்பார். ஒரு நாள் மடித்து வைத்துக்கொள்ள முடியாதா?

ராஜகுமாரி சாமர்த்தியசாலி. ஞாயிறு காலை கணவனின் போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். பிளாக் முழுக்கப் போய், இன்றைக்கு யாரும் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்தாள். விட்டுப் போனது ஒரே ஒரு வீடு. அப்துல் ரசாக் குடும்பத்தோடு பூந்தமல்லியில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார், கதவு பூட்டியிருந்தது. மறுநாள்தான் வருவார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். ஹேமாவதி, நிர்மல், நிர்மலின் தங்கை பவ்யா. பவ்யா சிரித்த முகம், வந்ததும் லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜகுமாரி விருந்தே சமைத்து வைத்திருந்தாள். சாம்பார், வடை, பாயசம், அப்பளம் எல்லாம் சமையலறையில் காத்திருந்தன. ஹேமாவதி மட்டும் தண்ணீர் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. பேசி முடிவாகட்டும், அப்புறம் கை நனைக்கிறோம்" என்றார். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவது. நியாயம்தானே?

ஞானசேகரன் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் மப்ளர்! தொண்டை கட்டியதற்கு அத்தாட்சியாக ராஜகுமாரி சுற்றிவிட்டது. வேர்த்து ஊற்றியது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

"உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்பங்க?" என்று ஹேமாவதி கேட்டார். அதற்கும் தலையை ஆட்டிச் சிரித்தார்.

"தொண்ட" என்றாள் ராஜகுமாரி அவசரமாக.

"ஐயோ பாவம். சாந்தமான மனுஷரா இருக்காரு" என்றார் ஹேமாவதி. உள்ளே நின்றிருந்த லாவண்யா கண்ணை மூடி, எந்தச் சாமிக்கோ வேண்டிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹேமாவதியின் முகத்தில் இளக்கம் தெரிந்தது. வடை வாசனை கூடம் வரை வந்து, நிர்மல் இரண்டு தடவை எச்சில் விழுங்கினான்.

அப்போதுதான் வாசல் கதவு படாரென்று திறந்தது.

"அண்ணாத்தே! சரியான கிராக்கி! பூந்தமல்லிலேந்து லைன்லயே வெச்சிகினு வரேன்!"

ரசாக்! கையில் போன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கொஞ்சிக்கொண்டிருந்தது. "சார்? லைன்ல இருக்கீங்களா சார்? உங்களுக்காகவே ஸ்பெஷலா ஒரு லோன் சாங்ஷன் ஆகியிருக்கு சார்." ரசாக் கூடத்தில் இருந்த புதுமுகங்களைப் பார்த்து விழித்தார். ஆனால் போன் கை அதற்குள் வழக்கம்போல் நீண்டு, ஞானசேகரனின் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

ஞானசேகரன் ராஜகுமாரியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அவரை அறைந்தாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். பாவம், அந்தப் பெண் விடவில்லை. "சார்? பேசுங்க சார். ஹலோ? சார்?" ஞானசேகரனின் மப்ளர் ஏறி இறங்கியது. காது சிவந்தது. மனிதர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், தொடையைக் கிள்ளிப் பார்த்தார். எத்தனை வருஷப் பழக்கம்! விடுமா?

"ம்ம்... சொல்லும்மா" என்றார்.

போச்சு. ராஜகுமாரி தலையில் கைவைத்தாள். அந்தப் பெண் மடமடவென்று ஒப்பித்து, மூச்சு வாங்க நிறுத்தினாள். ஞானசேகரன் மப்ளரை உருவி எறிந்தார்.

"யம்மா, நீ சொன்னத நான் கேட்டுகினேன். இப்ப நான் சொல்றத நீ கேளு..."

கூடத்தில் இன்னொரு குரலும் சேர்ந்து கேட்டது. பவ்யா. கண்ணை அகல விரித்து, அவரோடு கூடவே, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் பாட்டுக்கு என் ஊட்ல குந்திகினு கீறேன். உனக்கு இன்னா பேஜாரு? உன்ன பெத்தவங்க இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சாங்களா? வையி போன!"

அவர் கட் பண்ணினார். கைதட்ட ஆளில்லை. ரசாக் தட்டப் போய், ராஜகுமாரியின் முகத்தைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்கிள்!" என்று பவ்யா துள்ளி எழுந்தாள். "பீரங்கி அங்கிள்! நீங்கதானா அது?"

"யாரு பீரங்கி?" என்றார் ஹேமாவதி.

பவ்யா படபடவென்று கொட்டினாள். அவள் வேலை பார்ப்பது எஸ்டேட்டில் ஒரு டெலிகாலிங் ஆபீஸில். எல்லாக் காலும் ரெக்கார்ட் ஆகும். ஆவடியிலிருந்து ஒருத்தர் திட்டிய கால் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்சுக்கும் டிரெய்னிங்கில் போட்டுக் காட்டுகிறார்கள். இவரைத் தாங்கிவிட்டால் ஊரில் யாரையும் தாங்கலாம் என்று. ஆவடியில் பீரங்கி வைத்த டாங்கி செய்கிறார்கள் என்பதால் பீரங்கி அங்கிள் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். மதியச் சாப்பாட்டில் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் மிரட்டிக்கொள்வார்களாம்.

ஞானசேகரனுக்கு நெஞ்சு அகலமாயிற்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த மனிதர் பூரித்துப் போனார்! "நெசமாவா? என் வாய்ஸயா? எல்லாருக்கும் போட்டுக் காட்றாங்களா?" என்று மீசையைத் தடவினார். "டேய் ரசாக்கு, கேட்டுகினியா?"

"ஆமா அங்கிள். அந்த கால் பண்ணதே நான்தான்" என்றாள் பவ்யா, சிரித்துக்கொண்டே. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. குத்தம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மனை, ப்ரீயா வேன்ல கூட்டிட்டுப் போய்க் காட்றோம், மதியம் பிரியாணின்னு சொல்லிட்டிருந்தேன். நீங்க திட்டி முடிச்சதும் பாத்ரூம்ல போய் ஒரே அழுகை. இப்ப சிரிப்புதான் வருது."

மீசையைத் தடவிய கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கும், அது பாத்ரூமுக்குப் போய் அழும், ஒரு நாள் தன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து சிரிக்கும் என்று அவர் எங்கே நினைத்தார்?

ஹேமாவதி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்கதானா? அன்னிக்கு இவ சாப்பிடாம சுவரப் பார்த்துப் படுத்துக்கிட்டா. என்னடின்னு கேட்டா, 'அம்மா, நீ இதுக்குத்தான் என்னப் படிக்க வெச்சியா'ன்னு என்னையே கேட்டா." குரல் உயரவே இல்லை. "நான்தான் சார் படிக்க வெச்சேன். அத்தன பேருக்கு சோறு போட்டு, தட்டு கழுவி, படிக்க வெச்சேன். ஆமா, இதுக்கும்தான் வெச்சேன். உழைச்சு சாப்பிடறதுக்குத்தான்."

பிரஸ் ஷாப்பின் சத்தத்துக்கெல்லாம் அசையாத மனிதர், அந்தச் சின்னக் குரலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, விடும்மா" என்றாள் பவ்யா.

"கெளம்பலாம் நிர்மல்" என்று ஹேமாவதி எழுந்தார். நிர்மல் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே லாவண்யா விசும்புவது கேட்டது. ராஜகுமாரிக்கு அழுகை வரவில்லை, கரண்டியை எடுத்து வந்து யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து ரசாக்கின் போன் மறுபடி அடித்தது. வேறு நம்பர். ரசாக் பதறிப்போய் அமுக்கக் கூடாததை அமுக்கிவிட, அது எடுத்துக்கொண்டது, அதுவும் ஸ்பீக்கரில்.

"வணக்கம் சார். பர்சனல் லோன் சம்பந்தமா பேசறேன் சார்..."

வேறு பெண். சின்னக் குரல், நடுக்கம்கூட இருந்தது. ரசாக் வைக்கப் போனார். ஞானசேகரன் கையை நீட்டி, "குடு" என்றார்.

"ஏங்க, வேணாங்க!" என்று அலறினாள் ராஜகுமாரி. வாசல் வரை போன ஹேமாவதி நின்று திரும்பினார்.

ஞானசேகரன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். வட்டி, தவணை, சலுகை, இந்த மாசம் மட்டும். அவர் கேட்டார். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் பழக்கம் தொண்டைவரை வந்தது. எல்லோரும் பார்த்தார்கள். முகம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. விழுங்கிவிட்டார்.

"யம்மா, எனக்கு லோனு வேணாம்மா" என்றார். தன் குரலை அவ்வளவு சின்னதாக அவரே அதற்கு முன்னால் கேட்டதில்லை. "வேற யாருக்குனா போட்டுப் பாரு, கெடைக்கும். நீ சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு எழுதிக் கொடுத்த தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

"இன்னும் இல்ல சார்" என்றாள்.

"போய் சாப்புடு மொதல்ல. ஞாயித்துக்கெழம கூட உசுர உட்டுகினு கீற."

கட் பண்ண விரல் போயிற்று. பவ்யா கையைக் காட்டித் தடுத்தாள். "இருங்க அங்கிள், அவ இன்னும் முடிக்கல."

அவர் காத்திருந்தார்.

"ரொம்ப நன்றி சார். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளா அமையட்டும் சார்."

இத்தனை காலமாக அவர் கட் பண்ணிய ஒவ்வொரு போனிலும், அந்தப் பக்கம் ஒருத்தி இதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். இவர் காதில் அது விழுந்ததே இல்லை. "உனக்கும்மா" என்றார். அவள் வைத்தாள். அதற்கப்புறமும் போனை அவர் கீழே இறக்கவில்லை, ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நானும் சொன்னேன் அங்கிள். கட் ஆன போன்ல. சொல்லியே ஆகணும், ரூல்" என்றாள் பவ்யா.

ஞானசேகரன் அவளைப் பார்த்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "இப்ப சொல்லும்மா. கேட்டுக்கறேன்" என்றார்.

பவ்யா சொன்னாள், சிரிக்காமல், முழுசாக.

ஹேமாவதி வாசலிலேயே நின்றிருந்தார். நிர்மலைப் பார்த்தார், உள்ளறைக் கதவைப் பார்த்தார், மப்ளரைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கை கழுவ எங்க போகணும்?" என்று கேட்டார்.

ராஜகுமாரிக்கு ஒரு நொடி புரியவில்லை. ஞானசேகரனுக்குப் புரிந்துவிட்டது. துள்ளி எழுந்தார்.

"ராஜகுமாரீ! எலைய போடூ!"

வேப்பமரத்தில் காக்கை ஒன்றுகூட மிச்சமில்லை. ஹேமாவதி காதைப் பொத்திக்கொண்டார். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தார்.